வாய்த்த வேகமும் வாங்கிய வேகமும்

1961இல் பிரிட்டனின் சலூன் கார் சாம்பியன் பட்டம் 850 சிசி எஞ்சின் பூட்டிய ஒரு மினிக்குப் போனது. ஓட்டியவர் சர் ஜான் விட்மோர். அதே பந்தயங்களில் 3.8 லிட்டர் ஜாகுவார்களும் ஓடின. அவற்றை முந்திக்கொண்டு மினி முதலில் வருவது நடக்கிற காரியமில்லை. எஞ்சின் கொள்ளளவை வைத்துப் பிரிவுகள் வகுத்து, பிரிவில் பெறும் வெற்றிக்குப் புள்ளி கொடுத்ததால்தான் அந்தச் சின்ன வண்டி பட்டம் வாங்கியது. 1963 மே மாதம் சில்வர்ஸ்டோனில் 7 லிட்டர் ஃபோர்டு கேலக்ஸி வந்து இறங்கியது. ஜாக் சியர்ஸ் ஓட்டிய முதல் பந்தயத்திலேயே ஜாகுவார்களின் ஆதிக்கம் முடிவுக்கு வந்தது.

இந்தக் கார்கள் இன்றும் ஓடுகின்றன. இங்கிலாந்தின் குட்வுட் டிராக்கில் 1948 முதல் 1966 வரை பந்தயம் நடந்தது. 1998இல் தொடங்கிய ரிவைவல் விழாவில் அதே டிராக்கில் அதே காலத்து வண்டிகள் மோதுகின்றன. அங்கே செயின்ட் மேரிஸ் கோப்பைப் பந்தயத்தில் லாவன்ட் நேர்ப்பாதை வந்தால் கேலக்ஸி மினியை விழுங்கிவிட்டுப் போகும். பாதை முடியும் இடத்தில், ஒன்றரை டன்னுக்கு மேல் கனக்கும் அந்த வண்டி வெகு முன்னதாகவே பிரேக் பிடித்தாக வேண்டும். மினி அதுவரை வேகத்தைக் குறைக்காமல் வந்து, உள்பக்கப் பின்சக்கரம் தரையை விட்டு எழும்ப வளைவுக்குள் புகுந்து, கேலக்ஸியின் பின்னால் மறுபடி ஒட்டிக்கொள்ளும். சுற்றுக்குச் சுற்று இதே கதை. மழை பெய்தால் கணக்கே மாறிவிடும்.

இது சமமான போட்டி அல்ல என்பது பார்த்ததும் தெரிகிறது. அதனாலேயே நியாயமற்ற போட்டி ஆகிவிடுமா? பழைய கார்ப் பந்தய உலகில் அரை நூற்றாண்டாக நடக்கும் சண்டைகள் பெரும்பாலும் இந்தக் கேள்வியைச் சுற்றியவைதான். எனக்கு இதில் தெளிவான ஒரு நிலைப்பாடு உண்டு. அந்தக் காலத்தில் ஒரு வண்டிக்கு இயல்பாக வாய்த்திருந்த ஏற்றமோ தாழ்வோ வரலாற்றின் பகுதி; அதில் கைவைக்கக் கூடாது. இன்றைய பட்டறையில் இன்றைய பணத்தைக் கொட்டி உண்டாக்கும் ஏற்றத்தைக் கண்டுபிடித்துக் களைய வேண்டும். சொல்ல எளிது. இரண்டையும் பிரிக்கும் கோடு எங்கே ஓடுகிறது என்று தேடும்போதுதான் விதிகளின் கஷ்டம் புரியும்.

சர்வதேச அளவில் இதற்கு அடிப்படை, மோட்டார் பந்தயங்களை நெறிப்படுத்தும் எஃப்ஐஏ அமைப்பின் விளையாட்டுச் சட்டத்தில் உள்ள ‘பின்னிணைப்பு கே’. அது கார்களைக் காலவாரியாகப் பிரித்து ஆங்கில எழுத்துகளால் பெயரிடுகிறது. 1919 முதல் 1930 வரை சி, 1931 முதல் 1946 வரை டி, 1947 முதல் 1961 வரை ஈ, 1962 முதல் 1965 வரை எஃப் என்று வரிசை போகிறது. ஒரு வண்டி அதற்குரிய காலத்தில் சர்வதேசப் பந்தயத்தில் எந்த அமைப்பில் ஓடியது என்பதற்குச் சான்று வேண்டும்; அந்த அமைப்பில்தான் இன்றும் ஓட வேண்டும். அந்த அமைப்பைப் பதிவு செய்யும் ஆவணத்துக்கு ‘வரலாற்றுத் தொழில்நுட்பக் கடவுச்சீட்டு’ என்று பெயர்.

எல்லை ஆண்டுகள் ஏனோதானோ என்று வைக்கப்பட்டவை அல்ல. ஈ காலம் பொதுவாக 1961 வரை நீண்டாலும், ஒற்றை இருக்கைப் பந்தயக் கார்களுக்கு 1960இலேயே முடிந்துவிடுகிறது. காரணம், 1961இல் ஃபார்முலா 1 எஞ்சின் அளவு 2.5 லிட்டரிலிருந்து 1.5 லிட்டராகக் குறைக்கப்பட்டது. அந்தப் பிளவை மதிக்காமல் கோடு கிழித்தால் வெவ்வேறு இனத்து வண்டிகள் ஒரே தொழுவத்தில் கட்டப்படும்.

ஆனால் ஆண்டு ஒன்றை மட்டும் நம்பினால் போதாது. 1958, 1959இல் கிராண்ட் பிரி பந்தயத்தில் எஞ்சின் முன்னால் இருந்த கார்களும் பின்னால் இருந்த கார்களும் ஒன்றாக ஓடின. 1958 அர்ஜென்டினாவில் ஸ்டிர்லிங் மாஸ் பின் எஞ்சின் கொண்ட ஒரு குட்டிக் கூப்பரில் வென்றார். அடுத்த ஆண்டு ஜாக் பிராபம் கூப்பரிலேயே உலக சாம்பியன் ஆனார். மாசெராட்டி 250எஃப் போன்ற அழகான முன் எஞ்சின் வண்டிகளின் காலம் அதோடு அஸ்தமித்தது. காலண்டர்படி பார்த்தால் இரண்டும் ஒரே பிரிவு. டிராக்கில் ஒன்றாக விட்டால் மாசெராட்டிக்காரர் பின்வரிசையிலேயே கிடப்பார். சில ஆண்டுகளில் அவர் வண்டியை வீட்டில் நிறுத்திவிடுவார். 1997 முதல் நடக்கும் மொனாக்கோ வரலாற்று கிராண்ட் பிரியில் 1961க்கு முந்தைய முன் எஞ்சின் கார்களுக்குத் தனிப் பந்தயம் வைத்தார்கள். அது வரலாற்றைத் திருத்துவது ஆகாதா? ஆகாது என்பேன். 1959இன் முடிவுகளை யாரும் அழிக்கவில்லை. தோற்ற வண்டிகளும் தங்களுக்குள் போட்டியிட ஒரு களம் கிடைத்தது, அவ்வளவே.

இன்னொரு முறையும் உண்டு. 1934இல் இங்கிலாந்தில் தொடங்கிய விண்டேஜ் ஸ்போர்ட்ஸ் கார் கிளப் 1930ஆம் ஆண்டின் கடைசி நாளை எல்லையாக வைத்தது. பொருளாதார மந்தத்துக்குப் பின் வந்த கார்கள் மலிவாகவும் உயிரில்லாமலும் செய்யப்பட்டவை என்பது அவர்கள் கொண்ட கருத்து. பின்னர், 1930களிலும் சில நல்ல வண்டிகள் உண்டு என்று ஏற்று, மாடல் மாடலாகத் தேர்ந்து ஒரு தனிப் பிரிவில் சேர்த்துக்கொண்டார்கள். இங்கே தேதி தீர்ப்புச் சொல்லவில்லை, ரசனை தீர்ப்புச் சொல்கிறது. இதில் பாரபட்சத்துக்கு இடம் உண்டு. ஆனாலும் தேதியால் மட்டும் பிரிக்கும் முறையைவிட இது நேர்மையாகப் படுகிறது, ஏனென்றால் எதை விரும்புகிறோம் என்பதை ஒளிக்காமல் சொல்கிறது.

சரி, அந்தக் காலத்து அமைப்பில் ஓட வேண்டும் என்கிறோம். அந்தக் காலமே யோக்கியமாக நடந்ததா? ஃபெராரி 250 ஜிடிஓவை எடுத்துக்கொள்ளுங்கள். 1962இல் ஜிடி பிரிவில் சேர 100 கார்கள் செய்திருக்க வேண்டும் என்பது விதி. ஜிடிஓ மொத்தமே 36தான் செய்யப்பட்டது. முந்தைய 250 ஜிடி மாடலின் வளர்ச்சி வடிவம் என்று காட்டி அங்கீகாரம் வாங்கினார்கள். இன்று அந்த 36இல் ஒன்று ஏலத்துக்கு வந்தால் விலை கோடிக் கணக்கான டாலரில் போகிறது. 2018இல் ஒன்று 4 கோடியே 84 லட்சம் டாலருக்குப் போனது. போர்ஷே 917க்கு 25 கார்கள் தேவைப்பட்டன. 1969 மார்ச்சில் பரிசோதகர்கள் வந்தபோது சில வண்டிகளும் மீதிக்கு உதிரிபாகங்களும்தான் இருந்தன, அங்கீகாரம் மறுக்கப்பட்டது. ஏப்ரலில் மறுபடி வந்தபோது தொழிற்சாலை முற்றத்தில் 25 வெள்ளை 917கள் ஒரே கோட்டில் அணிவகுத்து நின்றன. அலுவலக ஊழியர்களைக்கூட உட்காரவைத்துப் பூட்டிய வண்டிகள் அவை என்பது போர்ஷே வட்டாரத்தில் பரவலாகச் சொல்லப்படும் கதை. அவற்றில் பலவற்றைப் பிறகு பிரித்துத் திரும்பப் பூட்டித்தான் பந்தயத்துக்கு அனுப்ப முடிந்தது.

பரிசோதகர்களும் எப்போதும் நடுநிலை வகித்ததில்லை. 1962 லெ மான்ஸில் லோட்டஸ் 23இன் முன்சக்கரங்களுக்கு நான்கு ஸ்டட், பின்சக்கரங்களுக்கு ஆறு ஸ்டட். மாற்றுச் சக்கரம் ஒன்றே இரண்டு பக்கத்துக்கும் பொருந்தாது என்று வண்டியைத் தள்ளினார்கள். லோட்டஸ்காரர்கள் இங்கிலாந்திலிருந்து பாகம் வரவழைத்துப் பின்சக்கரத்தையும் நான்கு ஸ்டட்டாக மாற்றினார்கள். முதலில் ஆறு தேவைப்பட்டிருந்தால் இப்போது நான்கு பாதுகாப்பில்லை என்று மறுபடியும் தள்ளினார்கள். காலின் சாப்மன் இனி லெ மான்ஸுக்கு வருவதில்லை என்று கிளம்பினார். லோட்டஸ் தொழிற்சாலை அணி அவர் காலத்தில் திரும்பி வரவே இல்லை.

இந்தக் கோணல்களை இன்று நிமிர்த்த வேண்டுமா? ஜிடிஓவைப் பிரிவு மாற்றி ஓடவிட வேண்டுமா? வேண்டாம். 1962இல் ஜிடிஓவோடு மோத வேண்டியிருந்த ஆஸ்டன் மார்ட்டின்காரர்களுக்கு நேர்ந்த அநீதியும் அந்தப் பந்தயங்களின் ஒரு பகுதி. ஜிடிஓ முன்னால் ஓடுவதைப் பார்க்க வருகிறவர் அது ஏன் முன்னால் ஓடியது என்பதையும் சேர்த்துத்தான் பார்க்கிறார். கோணலைக் கோணலாகவே காட்டுவதுதான் உண்மைக்குச் செய்யும் மரியாதை.

ஒரு விலக்கைத்தான் நான் ஏற்கிறேன்: உயிர். தரையோடு உறிஞ்சி ஒட்டும் 1970களின் இறுதி ஃபார்முலா 1 கார்களால், பக்கவாட்டில் கீழே நழுவும் ‘ஸ்கர்ட்’ தகடுகள் இல்லாமல் தங்கள் உண்மையான வேகத்தைக் காட்ட முடியாது. ஆனால் ஸ்கர்ட் ஒன்று வளைவின் நடுவே சிக்கிக்கொண்டால் பிடிப்பு ஒரு நொடியில் காணாமல் போகும். 1981இல் ஃபார்முலா 1இலேயே அவற்றைத் தடுத்து, தரையிலிருந்து 6 சென்டிமீட்டர் இடைவெளியைக் கட்டாயமாக்கினார்கள். வடிவமைப்பாளர் கோர்டன் மர்ரே, பிராபம் பிடி49சி காருக்கு, ஓடும்போது தானாகத் தாழ்ந்து, பரிசோதனைக்கு நிற்கும்போது எழும்பும் சஸ்பென்ஷன் அமைத்து அந்த விதியையும் ஏமாற்றினார். இன்றைய வரலாற்றுத் தொடர்களில் அந்தக் கார்கள் உயர்த்தப்பட்டு, நழுவும் ஸ்கர்ட் இல்லாமல் ஓடுகின்றன. உண்மை அங்கே கொஞ்சம் விட்டுக்கொடுக்கிறது, கொடுக்கட்டும்.

இனி, வாங்கிய வேகம். லோட்டஸ் கோர்ட்டினாவின் 1,558 சிசி ட்வின்கேம் எஞ்சின் சாலை வண்டியில் 105 குதிரைத்திறன் கொடுத்தது. அன்றைய பந்தய டியூனிங்கில் 140, 150 என்று ஏறியது. இன்றைய சிறந்த எஞ்சின் பட்டறைகள் அதே கொள்ளளவில், அதே கார்புரேட்டரில் அதைவிடக் கணிசமாகக் கூடுதல் எடுக்கின்றன. பழைய பிளாக்குகள் விரிசல் விட்டுவிட்டதால் புதிதாக வார்க்கிறார்கள். கிராங்க், ராடு எல்லாம் அன்று கிடைக்காத எஃகு. ஹெட்டின் உள்வழிகள் கணினியில் கணக்கிட்டு எந்திரத்தால் குடைந்தவை. வெளியே பார்த்தால் எல்லாம் 1964. கடவுச்சீட்டில் உள்ள அளவுகளோடு ஒத்துப்போகும். போர், ஸ்ட்ரோக் அளந்தாலும் சரியாக இருக்கும். அந்த எஞ்சினின் விலையில் ஒரு முழுப் பழைய கோர்ட்டினாவை வாங்கிவிடலாம். பாதுகாப்புக்காகப் பற்றவைக்கும் ரோல் கேஜ்கூட உடல்கூட்டை விறைப்பாக்கி வண்டியை வளைவில் நன்றாக ஓடவைக்கிறது. ஓட்டுநரின் தலையைக் காப்பாற்றும் குழாயை யாரும் எதிர்க்க முடியாது. அந்தக் குழாய் சஸ்பென்ஷன் பூட்டும் இடங்கள்வரை நீண்டு போவதைக் கேட்டே ஆக வேண்டும்.

இதனால் பாதிக்கப்படுபவர் யார்? தன் கையாலேயே வண்டியைப் பராமரித்து, அன்றைய அளவிலேயே எஞ்சினைக் கட்டி வருபவர். அவர் தோற்பது எதிராளியின் காருக்கு அல்ல, எதிராளியின் பில்லுக்கு. இங்கேதான் விதி கடுமையாக வேண்டும். நடைமுறையில் மிக நன்றாக வேலை செய்திருப்பது டயர் விதி: 1960களின் நடுப்பகுதிவரையான கார்களுக்குப் பழைய அச்சில் வார்த்த டன்லப் பந்தய டயர்கள்தான். ஒடுக்கமான அந்த ரப்பர் தாங்கும் அளவுக்குத்தான் கூடுதல் சக்தி பயன்படும். அதற்கு மேல் வெறும் புகை. எஞ்சினுக்கும் இதுபோல் ஒரு வரம்பு வேண்டும். முன்வரிசையில் வரும் வண்டிகளைப் பந்தயம் முடிந்ததும் ரோலரில் ஏற்றிச் சக்தியை அளந்து, எண்ணைப் பலகையில் எழுதி ஒட்டினாலே பாதிப் பிரச்சினை தீரும் என்பது என் கருத்து. தண்டனைகூட வேண்டாம், எல்லோருக்கும் தெரிந்தால் போதும்.

இதைவிடச் சிக்கலானது, வண்டியே அந்த வண்டிதானா என்ற கேள்வி. 1990இல் லண்டன் உயர் நீதிமன்றத்துக்கு இது வந்தது. 1929, 1930 என இரண்டு லெ மான்ஸ் பந்தயங்களை வென்ற பென்ட்லி, ‘ஓல்ட் நம்பர் ஒன்’. பின்னர் அதற்கு 8 லிட்டர் எஞ்சின் பூட்டினார்கள். 1932இல் புரூக்லேண்ட்ஸ் டிராக்கில் கிளைவ் டன்ஃபி அதை ஓட்டும்போது விபத்தில் இறந்தார். வண்டி மறுபடி கட்டப்பட்டது. ஒரு கோடி பவுண்டுக்கு அதை வாங்க ஒப்பந்தம் போட்டவர்கள், லெ மான்ஸில் ஓடிய பாகங்கள் இதில் ஏறக்குறைய ஒன்றுமே இல்லை என்று சொல்லிப் பின்வாங்கினார்கள். நீதிபதி ஓட்டன் ஒவ்வொரு பாகத்தின் கதையையும் கேட்டார். பாகங்கள் மாறியிருந்தாலும் பந்தயக் காராக அதன் வாழ்வு அறுபடவில்லை. ஒரே நாளில் மறைந்து வேறொன்று அதன் பெயரைத் திருடவும் இல்லை. ஆகவே அந்தப் பெயருக்கு அது உரிமையுடையது என்று தீர்ப்பளித்தார். எனக்கு அந்தத் தீர்ப்பு சரியாகவே படுகிறது. பந்தயக் கார் என்பதே உடைவதும் மாற்றுவதுமாக வாழும் பொருள்.

ஆனால் வாழ்ந்து தேய்ந்த வண்டி வேறு, நேற்றுப் பிறந்த வண்டி வேறு. ஜாகுவார் 1963இல் 18 லைட்வெயிட் ஈ-டைப் செய்யத் திட்டமிட்டு 12 மட்டுமே செய்தது. மீதி ஆறு சேஸிஸ் எண்களையும் எடுத்து 2014இல் புதிதாக ஆறு கார்களைச் செய்து விற்றது. ஆஸ்டன் மார்ட்டின் டிபி4 ஜிடியும் இதே வழியில் வந்தது. எஃப்ஐஏ கடவுச்சீட்டு, அமைப்பு சரி என்று மட்டும்தான் சொல்கிறது; பிறப்புச் சான்றிதழ் அல்ல. ஆகவே புது வண்டிக்கும் ஓட வழி உண்டு. சில அமைப்பாளர்கள் சேர்க்கிறார்கள், சிலர் வாசலிலேயே நிறுத்துகிறார்கள்.

இதில் பலர் கவனிக்காத ஒன்று இருக்கிறது. அசல் வண்டி வைத்திருப்பவர் அதைப் பயந்து பயந்து ஓட்டுகிறார். அறுபது ஆண்டு வரலாறும் பெருந்தொகையும் அந்த அலுமினியத் தகட்டில் இருக்கின்றன; ஒரு மோதலில் போனால் போனதுதான். நகல் வைத்திருப்பவருக்குத் தகடு வெறும் தகடு. ஆகவே இயந்திரம் இரண்டும் சமமாக இருந்தாலும் நகல்தான் முன்னால் வரும். கடைசியில் அசல்கள் அருங்காட்சியகத்துக்கும் கண்காட்சிக்கும் ஒதுங்கி, டிராக் முழுக்க நகல்களாகும். நகல்களுக்கும் பந்தயம் வேண்டும் என்பதில் எனக்கு மாறுபாடில்லை. அவற்றுக்குத் தனி முடிவுப் பட்டியல் வேண்டும், அசலில் முதலாவதாக வந்தவருக்குத் தனிக் கோப்பை வேண்டும்.

வேகம் வெவ்வேறான வண்டிகளை ஒன்றாக ஓடவிட ஹேண்டிகேப் என்ற பழைய வழியும் உண்டு. புரூக்லேண்ட்ஸில் ஏ. வி. எபிள்வைட் இதில் மன்னர். ஒவ்வொரு காரின் பழைய நேரங்களையும் குறித்துவைத்து, மெதுவான வண்டியை முதலில் விட்டு, விநாடிக் கணக்கில் இடைவெளி கொடுத்து, அதிவேக வண்டியைக் கடைசியில் விடுவார். கணக்கு சரியாக இருந்தால் கடைசிச் சுற்றில் எல்லோரும் ஒன்றாக வந்து சேர்வார்கள். சலுகை கிடைப்பதற்காக முந்தைய பந்தயத்தில் வேண்டுமென்றே மெதுவாக ஓட்டியவர்களையும் அவர் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. லெ மான்ஸின் ‘செயல்திறன் குறியீடு’ எஞ்சின் அளவுக்கு ஏற்ப ஓட வேண்டிய தூரத்தை நிர்ணயித்தது. 1957இல் 744 சிசி லோட்டஸ் லெவன் அதில் முதலிடம் பெற்றது. சின்ன எஞ்சின் பிரெஞ்சுக் கார்களுக்காகவே செய்த கணக்கு என்ற முணுமுணுப்பும் அப்போதே இருந்தது. இந்த முறைகளில் எனக்குப் பெரிய ஈடுபாடு இல்லை. சூத்திரம் எழுதுபவர் கையில் வெற்றி போய்விடுகிறது.

ஓட்டுநர் விஷயத்தில் அப்படிச் சொல்ல மாட்டேன். காருக்கும் காருக்கும் உள்ள வித்தியாசத்தைவிட, சம்பளத்துக்கு ஓட்டும் தொழில்முறை ஓட்டுநருக்கும் வார இறுதியில் ஓட்டும் உரிமையாளருக்கும் உள்ள வித்தியாசம் பெரிது. தொழில்முறை ஓட்டுநரை அமர்த்துவதும் வேகத்தை விலைக்கு வாங்குவதுதான். சில தொடர்களில் தொழில்முறை ஓட்டுநர் உள்ள காருக்கு இடைநிறுத்தத்தில் கூடுதல் விநாடிகள் காத்திருப்பு விதிக்கிறார்கள். செயின்ட் மேரிஸ் கோப்பையில் ஒருநாள் பிரபல ஓட்டுநர், மறுநாள் உரிமையாளர், இரண்டு நேரங்களையும் கூட்டி முடிவு. நான் அறிந்த விதிகளில் இதுதான் மிக அழகானது: காரைத் தொடவில்லை, வரலாற்றைத் தொடவில்லை, இன்றைய பணத்தின் பலத்தைப் பாதியாக்கிவிடுகிறது. அமெரிக்காவில் 1974இல் ஸ்டீவ் ஏர்ல் தொடங்கிய மான்டரே பந்தயங்கள், முதலில் வந்தவரைவிட வண்டியின் தரத்துக்கும் ஓட்டிய பண்புக்கும் பரிசு என்ற வழியில் போயின. மரியாதையான வழி. ஆனாலும் ஜெயிக்கவென்றே செய்த கார்களை ஜெயிக்காதே என்று சொல்வதில் ஏதோ குறைகிறது.

கடைசியாக ஒரு குறை. பின்னிணைப்பு கே சர்வதேசப் பந்தயச் சான்று கேட்கிறது. சென்னைக்கு அருகே சோழவரம் விமானத் தளத்தில் 1980களின் இறுதிவரை ஓடிய வண்டிகள் அந்தக் கோட்டுக்கு வெளியே நிற்கின்றன. இறக்குமதி அடைபட்ட நாட்டில், ஃபியட்டையும் ஸ்டாண்டர்ட் ஹெரால்டையும் எடை குறைத்து, ஹெட் சீவி, கிடைத்த கார்புரேட்டரைப் பூட்டி ஓட்டியவை அவை. ஃபைபர்கிளாஸ் உடல் கொண்ட சிபானி டால்ஃபினும் கோயம்புத்தூர் எஸ். கரிவரதன் கட்டிய கார்களும் அந்த உலகத்தைச் சேர்ந்தவை. ஜெனீவாவிலோ பாரிஸிலோ இவற்றுக்குக் காகிதம் கிடையாது. ஆஸ்திரேலியாவுக்கும் இதே நிலை இருந்தது. உள்ளூர்ப் பட்டறைகளில் பிறந்த ஸ்பெஷல்களுக்காக அவர்கள் ஜே, கே, எல் என்று தங்கள் சொந்தப் பிரிவுகளை வகுத்து, வண்டிவாரியாக ஆவணம் எழுதிவைத்தார்கள். இருங்காட்டுக்கோட்டை டிராக்கில் என்றாவது பழைய கார்ப் பந்தயம் வைப்பதானால் நமக்கும் அதே வேலை காத்திருக்கிறது. எந்த ஹெரால்டில் எந்த ஆண்டு எந்த கார்புரேட்டர் இருந்தது, எத்தனை கிலோ குறைத்தார்கள் என்பது அன்று கையில் ஸ்பேனர் பிடித்த மெக்கானிக்குகளுக்குத் தெரியும். பந்தய நிகழ்ச்சி நிரல்களும் புகைப்படங்களும் சில வீட்டு அலமாரிகளில் இருக்கும். அந்த மெக்கானிக்குகளுக்கு இப்போது எழுபது வயது தாண்டிவிட்டது.